30 பெண்களுக்கு 14 லட்சம் வாக்குகள்

2021 மார்ச் 7. பொது இடங்களில் முகத்தை மூடக் கூடாது என்று அரசமைப்பில் ஒரு பிரிவு சேர்க்கலாமா என சுவிட்சர்லாந்து தன் குடிமக்களிடம் கேட்டது. ஆம் என்றவர்கள் 51.2 சதவீதம், எண்ணிக்கையில் 14 லட்சத்து 26 ஆயிரத்துக்கும் மேல். இல்லை என்றவர்கள் 48.8 சதவீதம். இப்படி ஒரு கேள்வியை வாக்கெடுப்புக்குக் கொண்டுவருவதற்கே 18 மாதத்துக்குள் 1 லட்சம் பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. வாங்கினார்கள்.

இத்தனையும் எத்தனை பெண்களுக்காக? லூசர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விசாரித்துத் தந்த எண் 21 முதல் 37 வரை. 30 என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு ஏறத்தாழ 47,500 வாக்கு. அந்தப் பெண்கள் அத்தனை பேரையும் ஒரு மினி பஸ்ஸில் உட்காரவைத்துவிடலாம்.

முகத்திரைத் தடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கொள்கையிலிருந்து தொடங்குவார்கள். ஒருவர் பெண் விடுதலை என்பார், இன்னொருவர் மத உரிமை என்பார், மூன்றாமவர் தேசப் பாதுகாப்பு என்பார். அந்தச் சண்டை ஓயாது. சட்டம் என்று ஒன்று போட்டுவிட்டால் அதற்கு வரவும் செலவும் உண்டு. அவற்றை எண்ணிப் பார்க்கலாம். என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகத்திரை எனக்கு உவப்பான உடை இல்லை. பெண்ணின் முகம் தெருவில் தெரியக் கூடாது என்று யார் சொன்னாலும் அது எனக்கு ஏற்பில்லை. ஆனால் எனக்குப் பிடிக்காத ஒன்றுக்காகப் போலீஸ்காரர் இன்னொருத்திக்கு அபராதச் சீட்டு கிழிப்பது சரியா என்பது தனிக் கேள்வி.

ஐரோப்பாவின் பேரேட்டைச் சுருக்கமாக இப்படி எழுதலாம். தடை நடைமுறைக்கு வந்த நாள், அந்தந்த நாட்டில் முகத்திரை அணிவதாக மதிப்பிடப்பட்ட பெண்கள், அபராதம் என்ற வரிசையில்:

பிரான்ஸ்: 2011 ஏப்ரல் 11, சுமார் 1,900 பேர், 150 யூரோ வரை.
பெல்ஜியம்: 2011 ஜூலை 23, 200 முதல் 300 பேர், அபராதத்தோடு 7 நாள் வரை சிறையும் உண்டு.
ஆஸ்திரியா: 2017 அக்டோபர் 1, 100 முதல் 150 பேர், 150 யூரோ வரை.
டென்மார்க்: 2018 ஆகஸ்ட் 1, 150 முதல் 200 பேர், முதல் முறை 1,000 குரோன், திரும்பத் திரும்ப மாட்டினால் 10,000 வரை.
நெதர்லாந்து: 2019 ஆகஸ்ட் 1, 200 முதல் 400 பேர், 150 யூரோவிலிருந்து. தெருவுக்குத் தடையில்லை; பள்ளி, மருத்துவமனை, அரசு அலுவலகம், பொதுப் போக்குவரத்து மட்டும்.
சுவிட்சர்லாந்து: 2025 ஜனவரி 1; சுமார் 30 பேர்; அங்கேயே கட்டினால் 100 பிராங்க், வழக்கானால் 1,000 வரை.

ஒவ்வொன்றிலும் பெரிய எண்ணையே எடுத்துக் கூட்டிப் பார்த்தாலும் 3,000 தேறவில்லை. இந்த ஆறு நாடுகளின் மக்கள்தொகை 11 கோடிக்கும் மேல். கிட்டத்தட்ட 40,000 பேரில் ஒருத்தி. அந்த ஒருத்திக்காக ஆறு நாடாளுமன்றங்கள் கூடின, விவாதித்தன, சட்டம் இயற்றின. டென்மார்க்கில் மசோதாவுக்கு ஆதரவாக 75 வாக்கு, எதிராக 30. ஆதரித்த உறுப்பினர் ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று பெண்கள்.

பிரான்ஸ்தான் இந்தக் கணக்கின் தாய்ப்பக்கம். அங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

2009 ஜூன் 22 அன்று வெர்சாயில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் கூட்டி உரையாற்றிய அதிபர் சார்க்கோசி, புர்காவுக்கு பிரெஞ்சு மண்ணில் இடமில்லை என்ற கருத்தில் பேசினார். அடுத்த மாதமே உளவுத்துறை வட்டாரத்திலிருந்து பத்திரிகைக்கு ஓர் எண் கசிந்தது: நாடு முழுவதும் முகத்திரை அணியும் பெண்கள் 367 பேர். இவ்வளவு துல்லியமாக எண்ண எந்தத் தெருமுனையில் யார் நின்றார்களோ! அதே ஆண்டு முடிவதற்குள் உள்துறை அமைச்சகத்தின் எண் 1,900 ஆகிவிட்டது. ஐந்து மடங்கு. பெண்கள் பெருகினார்களா, எண்ணும் முறை மாறியதா என்று அன்று கேட்டவர்கள் குறைவு. அந்த 1,900 பேரிலும் கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளான ரெயூனியோன், மயோத் தீவுகளில் வாழ்ந்தவர்கள் 270 பேர். பெரும்பாலோர் 40 வயதுக்குக் கீழே, மூன்றில் இரண்டு பங்கினர் பிரெஞ்சுக் குடிமக்கள், நாலில் ஒருத்தி இஸ்லாத்துக்கு மதம் மாறியவர். எங்கிருந்தோ கப்பலேறி வந்த வழக்கம் என்று சொன்னவர்களுக்கு இந்த எண்கள் வசதியாக இல்லை.

பிறகு கம்யூனிஸ்ட் உறுப்பினர் ஆந்த்ரே ஜெரின் தலைமையில் 32 உறுப்பினர் குழு. ஆறு மாத விசாரணை. அறிஞர்கள், அமைப்பினர், அதிகாரிகள் என்று வரிசையாகச் சாட்சி சொன்னார்கள். முகத்திரை அணியும் பெண்களிலிருந்து வந்து சாட்சி சொன்னவர் ஒரே ஒருவர். 2010 மார்ச்சில் நாட்டின் உச்ச நிர்வாக ஆலோசனை அமைப்பான அரசவை, முழுத்தடைக்கு உறுதியான சட்ட அடிப்படை இல்லை என்று எச்சரித்தது. கேட்கவில்லை. 2010 ஜூலை 13: கீழவையில் ஆதரவு 335, எதிர்ப்பு 1. எதிர்க்கட்சியினரில் பலர் வாக்களிக்கவே இல்லை. செப்டம்பர் 14: மேலவையில் 246, எதிர்ப்பு 1. கையெழுத்தான சட்டத்தில் 7 பிரிவுகள். பெண், திரை, இஸ்லாம் என்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை. பொது இடத்தில் முகத்தை மறைக்கும் உடையை யாரும் அணியக் கூடாது என்றுதான் இருக்கிறது. மருத்துவக் காரணம், வேலை, விளையாட்டு, விழா, கலை எல்லாவற்றுக்கும் விலக்கு. எல்லா விலக்கும் போக மிஞ்சியவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வரவுப் பக்கம் எப்படி? முதல் ஐந்து ஆண்டுகளில் எழுதப்பட்ட அபராதங்கள் சுமார் 1,500. அத்தனைக்கும் முழு 150 யூரோ வசூலானது என்று தாராளமாக வைத்தாலும் 2 லட்சத்து 25 ஆயிரம் யூரோ. ஆண்டுக்கு 45,000. பிரான்ஸ் போன்ற ஒரு நாட்டின் கஜானாவில் இது கணக்கிலேயே வராது. அதுவும் அந்தப் பெண்களின் பையிலிருந்து முழுவதும் வரவில்லை. அல்ஜீரிய வம்சாவளித் தொழிலதிபர் ரஷீத் நெக்காஸ் அபராதங்களைக் கட்டுவதற்கென்று 10 லட்சம் யூரோ நிதி அறிவித்து, பிரான்சில் மட்டுமின்றி பெல்ஜியத்திலும் கட்டிவந்தார். அந்த ஐந்தாண்டின் அபராதம் மொத்தத்தையும் அவர் ஒருவரே கட்டியிருந்தாலும் நிதியில் நாலில் ஒரு பங்கு கரைந்திருக்காது. சிலருக்குப் பல முறை சீட்டு விழுந்தது. அபராதம் தண்டனையாக இல்லாமல் வாடிக்கையாகிவிட்டது.

செலவுப் பக்கத்தில் ஒரே ஓர் இரவைச் சொல்கிறேன். 2013 ஜூலையில் பாரிசுக்கு அருகே திராப் என்ற ஊரில் முகத்திரை அணிந்த ஒரு பெண்ணைப் போலீசார் நிறுத்திச் சோதித்தார்கள். கணவனோடு கைகலப்பு, கைது. மறுநாள் இரவு 200 பேருக்கு மேல் காவல்நிலையத்தைச் சூழ்ந்தார்கள். கல்வீச்சு, தீவைப்பு, கண்ணீர்ப்புகை. சட்டப்படி அந்தச் சோதனையிலிருந்து அரசுக்கு வரக்கூடியது அதிகபட்சம் 150 யூரோ. ஒரு கலகத் தடுப்புப் படையின் ஓரிரவு எரிபொருளுக்கு அது காணுமா?

நீதிமன்றம் என்ன சொன்னது என்று கேட்பார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014 ஜூலை 1 அன்று பிரான்சின் சட்டத்தை நிலைநிறுத்தியது உண்மை. தடையை ஆதரிப்பவர்கள் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தீர்ப்பின் உள்ளே போவதில்லை. பாதுகாப்புக்காகத் தடை என்ற வாதத்தை அந்நீதிமன்றம் ஏற்கவில்லை. பொதுவான அச்சுறுத்தல் நிரூபிக்கப்படாதபோது முழுத்தடை அளவுக்கு மீறியது என்றது. ஆண் பெண் சமத்துவம் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. ஏற்றது ஒன்றைத்தான்: சேர்ந்து வாழும் சமூகத்தில் முகம் பார்த்துப் பழக வேண்டும் என்ற காரணம். அதிலும் 17 நீதிபதிகளில் இருவர் மாறுபட்டார்கள். ஆறரைக் கோடி மக்கள் உள்ள நாட்டில் 1,900 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை என்பதையும் தீர்ப்பே குறித்தது. நான்கு ஆண்டு கழித்து, 2018 அக்டோபரில், ஐ.நா. மனித உரிமைக் குழு நேர்மாறாகச் சொன்னது. அபராதம் விதிக்கப்பட்ட இரண்டு பெண்களின் மத உரிமையை பிரான்ஸ் மீறிவிட்டது, இழப்பீடு தர வேண்டும் என்றது. ஆக பாதுகாப்பும் பெண் சமத்துவமும் இரு மன்றங்களிலும் தேறவில்லை. தெருவில் அதிகம் பேசப்படும் காரணங்கள் அவை இரண்டும்தான்.

முகம் பார்த்துப் பழகும் அந்த வாதத்துக்கு 2020இல் ஒரு சோதனை வந்தது. கொரோனா. மே 11 முதல் பிரான்சில் பேருந்திலும் ரயிலிலும் முகக்கவசம் கட்டாயம்; போடாவிட்டால் 135 யூரோ. முகத்தை மூடினால் 150 என்ற சட்டமும் அப்படியே இருந்தது. மெட்ரோ பெட்டியில் மூக்கும் வாயும் மூடிய ஆறு பேர் உட்கார்ந்திருந்தால் ஐந்து பேர் சட்டத்தை மதிப்பவர்கள், ஒருத்தி மட்டும் சேர்ந்து வாழத் தெரியாதவள். நோய்த்தொற்று வேறு, மதம் வேறு என்று பதில் வரும். சரிதான். அப்படியானால் பிரச்சினை முகம் மூடப்படுவதில் இல்லை, எதற்காக மூடப்படுகிறது என்பதில்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டத்தின் 7 பிரிவுகளும் அதைச் சொல்லவே இல்லை.

ஆஸ்திரியாவில் இது கேலிக்கூத்தானது. மதத்தைக் குறிவைக்கவில்லை என்று காட்டுவதற்காகச் சட்டத்தைப் பொதுவாக எழுதினார்கள். முதல் மாதமே வியன்னாவில் ஒரு கடைக்கு விளம்பரமாகச் சுறா வேடம் போட்டு நின்ற மனிதருக்கு 150 யூரோ அபராதம் விழுந்தது. நெதர்லாந்தில் வேறு கதை. அந்நாட்டு அரசியல்வாதி கீர்ட் வில்டர்ஸ் 2005இல் எழுப்பிய கோரிக்கை சட்டமாகி அமலாக 14 ஆண்டு ஆனது. அமலான அன்று, இதற்காக டிராமை நடுவழியில் நிறுத்த மாட்டோம் என்று போக்குவரத்து நிறுவனங்கள் சொல்லிவிட்டன. எங்களுக்கு இது முன்னுரிமை இல்லை என்று போலீசும் சொன்னது. இத்தனைக்குப் பிறகும் 2025 அக்டோபரில் போர்ச்சுகல் நாடாளுமன்றம் ஒரு தடை மசோதாவுக்கு வாக்களித்தது. அதில் அபராதம் 200 முதல் 4,000 யூரோ. பெண்கள் எண்ணிக்கை குறையக் குறைய அபராதம் ஏறுகிறது போலும்.

பாதுகாப்பு வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. அதற்கு உண்மையான உதாரணம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. சாட் நாட்டின் தலைநகர் நிஜமேனாவில் 2015 ஜூனில் தற்கொலைத் தாக்குதல்கள் நடந்தன. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த நாடு இரண்டு நாளில் முகத்திரையைத் தடை செய்தது. ஜூலை 11 அன்று, தடை இருக்கும்போதே, பெண்ணைப் போல முகம் மூடி வந்த ஓர் ஆண் சந்தையில் வெடித்தான். 15 பேர் இறந்தார்கள். ஆபத்து உண்மை. ஆனால் சாகத் துணிந்தவனை அபராதம் தடுக்காது என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. சந்தை வாசலில் சோதனை செய்தால்தான் தடுக்க முடியும், அதற்குத் தேசம் முழுவதற்குமான உடைச்சட்டம் தேவையில்லை.

பெண் விடுதலை வாதத்துக்கு வருவோம். கட்டாயப்படுத்தித்தான் அணிவிக்கிறார்கள் என்பது பரவலான நம்பிக்கை. தடை வருவதற்குச் சற்று முன் பிரான்சில் முகத்திரை அணிந்த 32 பெண்களிடம் ஓப்பன் சொசைட்டி அமைப்பு விரிவாகப் பேசி 2011இல் அறிக்கை வெளியிட்டது. கட்டாயத்தால் அணிவதாக ஒருவரும் சொல்லவில்லை. தெருவில் வசவு வாங்கியதாகச் சொன்னவர்களே மிகப் பெரும்பாலோர். 32 சிறிய எண்தான். கட்டாயப்படுத்தப்பட்டவள் ஆய்வாளரிடம் பேச வருவாளா என்ற கேள்வியும் நியாயமானது. ஆனால் பத்தாண்டுக் காலம் 200 பெண்களைத் தொடர்ந்து சந்தித்த சமூகவியலாளர் ஆன்யெஸ் தெ ஃபியோவும், சட்டத்துக்குப் பிறகு அதை எதிர்த்தே அணியத் தொடங்கியவர்களைக் கண்டார். கலைக்க வந்த சட்டம் சிலருக்குக் கொடியாகிவிட்டது.

இங்கே பிரெஞ்சுச் சட்டத்துக்கு ஒரு நல்ல மதிப்பெண் போட வேண்டும். முகத்தை மூடச் சொல்லி ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்தினால் ஓராண்டுச் சிறை, 30,000 யூரோ அபராதம். 18 வயதுக்குக் கீழானவளைக் கட்டாயப்படுத்தினால் இரண்டும் இரட்டிப்பு. 150க்கும் 30,000க்கும் இடையே 200 மடங்கு. அந்த 200 மடங்குப் பிரிவு மட்டும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. கட்டாயப்படுத்துபவனைத் தண்டிக்கிற சட்டம், கட்டாயப்படுத்தப்படுகிறவளையும் ஏன் தண்டிக்க வேண்டும்? கணவனுக்குப் பயந்து அணிகிறவளுக்கு இப்போது இரண்டு வழிதான்: வீட்டில் கிடப்பது, அல்லது போலீசிடம் மாட்டுவது. இரண்டிலும் செலவு அவளுக்கு.

கல்வியில் என்ன விலை? முகத்திரைக்கு நேரான கணக்கு இல்லை, பள்ளித் தலைமறைப்புக்கு இருக்கிறது. 2004இல் பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் தலைமறைப்பு தடை செய்யப்பட்டதால் முஸ்லிம் பெண்கள் மேல்நிலைக் கல்வியை முடிப்பது குறைந்தது என்று அப்தெல்காதிர், ஃபூக்கா என்ற இரு ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். 1994இல் வந்த முந்தைய சுற்றறிக்கையை ஆராய்ந்த எரிக் மோரின் குழுவோ எதிர்த்திசையில் முன்னேற்றம் கண்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். ஒரே நாட்டில், பத்தே ஆண்டு இடைவெளியில், ஒன்று கூட்டுகிறது, மற்றது கழிக்கிறது. இந்த வரியை வைத்து யாரும் அடித்துப் பேச முடியாது.

நமக்குப் பக்கத்து வீட்டுக் கணக்கு இலங்கை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. மூன்று தேவாலயங்கள், மூன்று நட்சத்திர ஹோட்டல்கள். 260 பேருக்கு மேல் பலி. ஏப்ரல் 29 முதல் முகத்தை மூடும் உடைகளுக்கு அவசரகால ஒழுங்குவிதியின் கீழ் அதிபர் சிறிசேன தடை விதித்தார். அதற்கு முன்பே அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, முகம் மூட வேண்டாம் என்று பெண்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: தேவாலயங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் பையோடு நடந்துபோன கொலைகாரர்கள் ஆண்கள். அவர்களில் சிலரின் முகங்கள் கேமராவில் பதிவாயின.

அவசரகாலச் சட்டம் ஆகஸ்ட் 22 அன்று காலாவதியானது. இடைப்பட்ட நாட்கள் 116. ஒழுங்குவிதி சொன்னது முகத்தை மட்டும். ஆனால் மருத்துவமனை வாசலிலும் அலுவலகக் கவுண்டரிலும் நின்றவர்களுக்கு முகமும் தலையும் ஒன்றாகிவிட்டது. முகம் தெரியும்படி அபாயாவும் முக்காடும் போட்டு வந்தவர்களும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மே நடுவில் குருநாகல், கம்பஹா பக்கம் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மே 29 அன்று அரசு அலுவலகப் பெண் ஊழியர்கள் சேலை அல்லது ஒசரிதான் (கண்டிச் சேலை) உடுத்த வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு கிளம்பி ஒரு மாதத்துக்குள் திருத்தினார்கள். முகத்தில் தொடங்கிய விதி சேலை முந்தானைக்கு வர எடுத்துக்கொண்டது சரியாக 30 நாள். பொதுத் தடையின் மிகப் பெரிய செலவு என்று நான் இதைத்தான் சொல்வேன். சட்டப் புத்தகத்தில் இது எழுதப்படுவதில்லை. வாசற்காவலாளியின் தைரியமாக வெளியே வருகிறது.

அதோடு முடியவில்லை. 2021 மார்ச்சில், சுவிஸ் வாக்கெடுப்பு முடிந்த ஒரே வாரத்துக்குள், அமைச்சர் சரத் வீரசேகர புர்காவை நிரந்தரமாகத் தடை செய்யும் அமைச்சரவைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அந்த நாளில் இலங்கையில் முகக்கவசம் போடாமல் வெளியே வந்தால் 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அதே வேளையில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கைக்கு எதிரான தீர்மானம் வாக்கெடுப்புக்குக் காத்திருந்தது. முஸ்லிம் நாடுகளின் வாக்கு வேண்டும். அது வெறும் யோசனைதான் என்று வெளியுறவு அமைச்சகம் அவசரமாக விளக்கியது. மார்ச் 23 அன்று தீர்மானத்துக்கு ஆதரவு 22, எதிர்ப்பு 11, ஒதுங்கியவை 14. ஏப்ரலில் அமைச்சரவை பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தது. சட்டமாகவில்லை.

எதிர்ப் பக்கத்திலும் ஒரு வரி எழுதியாக வேண்டும். 2022 மே 7 அன்று ஆப்கானிஸ்தானில் தாலிபான் பெண்கள் வெளியே வரும்போது முகத்தை மூட வேண்டும் என்று ஆணையிட்டது. மீறினால் தண்டனை வீட்டு ஆண்களுக்கு. பாரிசும் காபூலும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். பாரிசில் அந்தப் பெண் நீதிமன்றம் போக முடிகிறது, காபூலில் முடியாது. அந்த வேறுபாடு பெரியது. ஆனால் இரண்டிடத்திலும் அவள் என்ன உடுத்துவது என்பதை அரசாங்கம்தான் எழுதுகிறது.

தடை இல்லாமல் அடையாளம் காண்பது எப்படி? இது தமிழ்நாட்டில் தீர்ந்துபோன கேள்வி. வாக்காளர் பட்டியலில் முஸ்லிம் பெண்களின் படத்தை அச்சிடுவது மத உரிமைக்கு எதிரானது என்று வந்த வழக்கை 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. வாக்குச்சாவடியில் தேவைப்பட்டால் பெண் அலுவலர் தனியாக முகத்தைப் பார்த்துச் சரிபார்க்கிறார். சில நொடி வேலை. விமான நிலையம், வங்கி, நீதிமன்றம், தேர்வுக்கூடம் எல்லாவற்றுக்கும் இது போதும். கேரளத்தில் முஸ்லிம் கல்விச் சங்கம் 2019இல் தன் 150 கல்வி நிலையங்களில் முகத்திரை கூடாது என்று தானே விதி செய்தது. ஆசிரியருக்கு மாணவியின் முகம் தெரிய வேண்டும் என்பது நியாயமான தேவை. ஒரு நிறுவனம் தன் வளாகத்துக்குள் அதைக் கேட்கலாம். அதற்குத் தெருவில் போலீஸ் தேவைப்படவில்லை.

என் தீர்ப்பு இதுதான். தெருவுக்கான பொதுத் தடை வேண்டாம். வரவு ஆண்டுக்குச் சில பத்தாயிரம் யூரோ, செலவு தெருக் கலவரத்திலிருந்து மருத்துவமனை வாசல் வரை. அடையாளம் கேட்கும் இடத்தில் முகம் காட்டத்தான் வேண்டும், அதில் சலுகை கூடாது. கட்டாயப்படுத்துபவனுக்கு 30,000 யூரோ பிரிவு எந்த நாட்டிலும் இருக்கட்டும், பெண்ணுக்கான 150 யூரோ பிரிவை எடுத்துவிடட்டும். கொழும்பில் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள்: 2021இல் ஒப்புதல் பெற்ற அந்தப் பத்திரத்தை யாராவது மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தால், அந்த 116 நாட்களின் கணக்கை அவரிடம் முதலில் கேளுங்கள்.